கிரியேட்டினின் சரி, இஜிஎஃப்ஆர் குறைவு: எதை நம்புவது?

கேள்வி: 62 வயதாகும் என் அம்மாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் 1.2, ஆய்வகத்தின் இயல்பு வரம்புக்குள்தான் இருக்கிறது. அதற்கு அடுத்த வரியிலேயே ‘இஜிஎஃப்ஆர் 51, நிலை 3ஏ’ என்றிருக்கிறது. சிறுநீரகம் பாதி செயலிழந்துவிட்டதா? டயாலிசிஸ் தேவைப்படுமா?

பதில்: இவ்விரண்டு எண்களுக்கும் இடையே முரண்பாடு இல்லை. கிரியேட்டினின் என்பது தசைகளில் அன்றாடம் உருவாகிச் சிறுநீரகங்கள் வழியே வெளியேறும் கழிவு. தசை குறைந்த முதியவர்களுக்கு அது உற்பத்தியாவதே குறைவு என்பதால், சிறுநீரகம் ஓரளவு பாதிக்கப்பட்ட பின்னும் ரத்தத்தில் அதன் அளவு இயல்பாகவே தெரியக்கூடும். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, சிறுநீரகங்கள் நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் வடிகட்டுகின்றன என்று மதிப்பிடுவதே இஜிஎஃப்ஆர். தற்போது பரவலாகப் பயன்படும் 2021ஆம் ஆண்டு வாய்பாட்டில் அதே 1.2 என்ற அளவை இட்டால், உங்கள் அம்மாவுக்கு 51 வரும். 30 வயது ஆணுக்கோ 83 வரும். ஆகவே, சர்க்கரை நோயாளிகள் கிரியேட்டினினை மட்டும் பார்த்து நிம்மதி அடையக் கூடாது.

ஆனால் 51 என்பது சதவீதம் அன்று. 45 முதல் 59 வரை உள்ள நிலையே 3ஏ. டயாலிசிஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் 15க்குக் கீழே இறங்கி, உடல் உபாதைகளும் தோன்றும்போதுதான் எழும். மேலும், குறைபாடு மூன்று மாதங்களுக்கு மேல் நீடித்தால்தான் ‘நாள்பட்ட சிறுநீரக நோய்’ என்று சொல்வோம். வயிற்றுப்போக்கால் நீரிழப்பு ஏற்பட்டிருந்தாலோ, முந்தைய இரவு நிறைய இறைச்சி சாப்பிட்டிருந்தாலோ கூட கிரியேட்டினின் தற்காலிகமாக ஏறும்.

பரிசோதனையை எப்போது திரும்ப எடுப்பது என்று மருத்துவரிடம் கேளுங்கள். அத்துடன், காலைச் சிறுநீரில் அல்புமின் (ஒரு வகைப் புரதம்)–கிரியேட்டினின் விகிதத்தையும் அவசியம் பாருங்கள். அது ஒரு கிராம் கிரியேட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்கு மேல் தொடர்ந்து இருந்தால், புரதம் கசிகிறது என்று பொருள். இஜிஎஃப்ஆருக்கு இணையாக முக்கியமான இந்தப் பரிசோதனைதான் அடிக்கடி விடுபட்டுப் போகிறது.

மூட்டு வலிக்கு, சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் போன்ற வலி மாத்திரைகளை மருந்துக் கடையில் தாமாக வாங்கிச் சாப்பிடும் பழக்கம் அம்மாவுக்கு இருந்தால், அதை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரையை இந்த எண்ணுக்காக நிறுத்த வேண்டியதில்லை; இஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் மாத்திரையின் அளவை மருத்துவர் மறுபரிசீலனை செய்வார், 30க்குக் கீழே போனால் நிறுத்துவார்.