ரெடிஸ் லைசென்ஸ் மாறிடுச்சுன்னு யாராவது காசு கேட்டா?

வாசகர் ஒருத்தர் கேட்டிருக்காரு: "எங்க புக்கிங் ஆப்புக்குப் பின்னாடி ரெடிஸ் ஓடுது. லைசென்ஸ் மாறிடுச்சு, வருஷா வருஷம் பணம் கட்டணும், இல்லன்னா கேஸ் வரும்னு ஒரு கன்சல்டன்ட் சொல்றாரு. கட்டணுமா?"

கட்டாதீங்க. ரெடிஸ்ங்கறது டேட்டாவ மெமரில வச்சு வேகமா எடுத்துக் குடுக்கற ஒரு சாஃப்ட்வேர். முதல்ல உங்க சர்வர்ல அது என்ன வெர்ஷன்னு பாருங்க. 7.2ன்னா அது பிஎஸ்டி லைசென்ஸ்ல (யார் வேணாலும் இலவசமா பயன்படுத்தலாம், மாத்தலாம்னு விடற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்) வந்தது, ஏற்கனவே குடுத்த லைசென்ஸை ரெடிஸ் கம்பெனி இப்ப வந்து பிடுங்க முடியாது, 2024 மார்ச்ல அவங்க மாத்தினது 7.4லேர்ந்து வர்றதுக்குத்தான். 7.4ஏ ஓடினாலும் சொந்த ஆப்புக்கு கேஷா (cache, அடிக்கடி வேணுங்கற டேட்டாவ தற்காலிகமா வைக்கற இடமா) வச்சுக்க தடையில்ல.

ஒரே ஒரு இடத்துல உஷாரா இருங்க. ரெடிஸையே ஒரு சர்வீஸா மத்தவங்களுக்கு விக்கறீங்களா? அதாவது உங்க கஸ்டமர் கையில நேரா ரெடிஸ் கனெக்‌ஷன் குடுத்து, அவர் அதுல தன் டேட்டாவ போட்டு எடுத்துக்கறாருன்னா அது வேற கதை, அப்ப வக்கீல்கிட்ட போங்க. கஸ்டமர் டிக்கெட் புக் பண்றாரு, அது உள்ளுக்குள்ள ரெடிஸ்ல போய் உக்காருதுன்னா அது இதுல வராது. இந்த ரெண்டையும் குழப்பிவிட்டுத்தான் இந்த ஆளுங்க பணம் பறிக்கறாங்க. லைசென்ஸ்ல எந்த வரிய நாங்க மீறினோம், எழுத்துல குடுங்கன்னு கேளுங்க, பாதிப் பேர் அதோட போன் எடுக்க மாட்டாங்க.

இவங்களுக்கு வழி போட்டுக் குடுத்ததே கம்பெனிங்கதான், அதான் எரிச்சலா இருக்கு. ரெடிஸோட மெயின் பகுதி (கோர்) பிஎஸ்டியாவே இருக்கும்னு 2018ல சொன்னாங்க, 2024ல மாத்தினாங்க, 2025ல ரெடிஸ் 8க்கு ஏஜிபிஎல்ங்கற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸும் ஒரு ஆப்ஷன்னு திரும்பி வந்தாங்க. எலாஸ்டிக்சர்ச்ங்கற தேடல் சாஃப்ட்வேரும் 2021ல மாத்தி 2024ல இதே மாதிரி திரும்புச்சு. பெரிய க்ளவுட் கம்பெனிங்க நம்ம உழைப்புல சம்பாதிக்குதுன்னு அவங்க கோபப்படறது நியாயம்தான், ஆனா அந்த ப்ரோகிராம் கோட்ல வெளியாளுங்க உழைப்பும் இருக்கே, அவங்களை யார் கேட்டாங்க?

இந்த இழுபறியே வேணாம்னா வால்கீக்கு மாறிடுங்க. அது ரெடிஸ் 7.2.4லேர்ந்து தனியாப் பிரிஞ்ச சாஃப்ட்வேர், பிஎஸ்டி லைசென்ஸ், லினக்ஸ் ஃபவுண்டேஷன்ங்கற லாப நோக்கமில்லாத அமைப்புக்குக் கீழ இருக்கறதால ஒரு கம்பெனி தனியா முடிவெடுத்து மாத்திட முடியாது. 7.2 டேட்டா ஃபைல அப்படியே படிக்கும், 7.4 ஃபைல படிக்காது. அதனால மாறப் போறீங்கன்னா நடுவுல 7.4க்கு அப்டேட் பண்ணிடாதீங்க, மொதல்ல பேக்கப் எடுத்து டெஸ்ட் சர்வர்ல ஓட்டிப் பாருங்க.