புத்தாண்டு அன்னைக்கு நெருப்பு கடன் கிடையாது – கடிதமும் பதிலும்

வணக்கம் சார்,

நான் ஸ்காட்லாந்துல அபர்டீன்ல வேலை பாக்குறேன். இந்த ஜனவரி 11 ராத்திரி கூட வேலை செய்றவங்க பர்க்ஹெட்னு ஒரு கடலோர ஊருக்கு கூட்டிட்டுப் போனாங்க, அங்க கிளேவின்னு ஒரு விழா. பாதியா அறுத்த பீப்பாய்ல தாரும் விறகும் போட்டு தீ வச்சு, அதை தோள்ல தூக்கிட்டு ஊரைச் சுத்தி வந்து கடைசில ஒரு மேட்டுல வச்சு எரிய விடுறாங்க. இதுதான் எங்க பழைய புத்தாண்டு, கிறிஸ்தவம் வர்றதுக்கு முன்னாடியே இருந்த பேகன் வழக்கம்னு சொன்னாங்க. எனக்கு அப்படியே நம்ம போகி ஞாபகம் வந்துருச்சு, தேதியும் கிட்டத்தட்ட அதேதான். ரெண்டும் ஒரே வேர்ல இருந்து வந்ததா? இது நிஜமாவே பேகன் வழக்கம்தானா?

– ஒரு வாசகர், அபர்டீன்

அன்புள்ள நண்பருக்கு,

போகில இருந்து ஆரம்பிக்கிறேன். தேதி கிட்ட வர்றது தற்செயல்தான். 1752ல பிரிட்டன் காலண்டரை மாத்தினப்ப 11 நாளை எடுத்துட்டாங்க, செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14. பர்க்ஹெட்காரங்க பழைய கணக்கை விடல, அதனால அவங்களோட பழைய டிசம்பர் 31 புது காலண்டர்ல ஜனவரி 11ல வந்து நின்னுச்சு, அங்கேயே இருக்கு. போகி அப்படி நிக்கிறது இல்ல, சூரியன் மகரத்துக்குப் போற பஞ்சாங்கக் கணக்குல வர்றதால ஏறக்குறைய 70 வருஷத்துக்கு ஒரு நாள் தள்ளிப் போயிட்டே இருக்கு. விவேகானந்தர் பொறந்தது 1863 ஜனவரி 12, அன்னைக்கு மகர சங்கராந்தி, அப்படின்னா அந்த வருஷம் போகியும் கிளேவியும் ஒரே நாள்! இப்ப ரெண்டு மூணு நாள் விலகிருச்சு, இன்னும் விலகும். ஆக தேதியை வச்சு சொந்தம் கொண்டாட முடியாது. குளிர்காலத்துல நெருப்பு மூட்ட ஒருத்தர்கிட்ட இருந்து ஒருத்தர் கத்துக்க வேண்டியதும் இல்ல, அந்த ஊர்ல ஜனவரி ஆரம்பத்துல பகல்ங்கிறதே சுமார் ஏழு மணி நேரம்தான்.

பேகனாங்கிறதுதான் பெரிய கேள்வி. பர்க்ஹெட்ல அப்படி நினைக்க எல்லாமே தோதா இருக்கு. நீங்க பாத்த மேடு டூரி ஹில், பிக்ட் மக்களோட (அந்தக் காலத்துல வட ஸ்காட்லாந்துல வாழ்ந்தவங்க) பழைய கோட்டையில மிச்சம் இருக்கிற இடம். அங்க காளை செதுக்கின கற்கள் முப்பது வாக்குல கிடைச்சுதாம், இப்ப இருக்கிறது ஆறுதான். 1805க்கு அப்புறம் துறைமுகமும் புது ஊரும் கட்டினப்ப கோட்டையில பெரும்பகுதியை இடிச்சுட்டாங்க. இப்படி ஒரு இடத்துல ராத்திரி தீ எரிஞ்சா பிக்ட்ஸ் ஏத்தின தீதான் அணையாம வருதுன்னு யாருக்கும் தோணும். ஆனா அதுக்கு ஆதாரம் ஒண்ணுகூட இல்ல. தார், பீப்பாய் ரெண்டுமே படகும் மீனும் வச்சுப் பொழைக்கிற ஊர்ச் சாமான்கள், முன்ன துறைமுகத்துல நிக்கிற படகுகளையும் இதோட சுத்தி வந்திருக்காங்க.

அதுக்காக இது லேசான விஷயம்னு ஆயிடாது. செய்முறையைப் பாருங்க. பீப்பாயை கம்பத்தோட சேக்குற ஆணி கொல்லர் தனியா அடிச்சுக் குடுக்குறது, அதை சுத்தியலால அடிக்கக்கூடாது, கல்லாலதான் அடிக்கணும். பத்த வைக்கிறதும் தீக்குச்சியால இல்ல, ஒரு வீட்டு அடுப்புல எரிஞ்சுட்டு இருக்கிற பீட் கட்டியை (சதுப்பு நிலத்துல வெட்டிக் காயவச்ச கரிமண்) எடுத்துட்டு வந்துதான். வலம் வர்ற திசையிலதான் ஊரைச் சுத்தணும், தூக்கிட்டுப் போறவர் தடுக்கி விழுந்தா ஊருக்கே ஆகாதுன்னு பயந்திருக்காங்க. போற வழியில வீட்டு வாசல்ல புகையுற கொள்ளித்துண்டு குடுப்பாங்க, வெளிநாட்டுக்குப் போன சொந்தக்காரங்களுக்கு கரித்துண்டை தபால்ல அனுப்புறதும் உண்டு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் வேற, அதுக்கு தீப்பந்த ஊர்வலத்தை விட்டுட்டு வீட்டு அடுப்புக்கு வரணும். ஸ்காட்லாந்துலயும் வட இங்கிலாந்துலயும் 19ஆம் நூற்றாண்டு வரைக்கும்கூட, புத்தாண்டு அன்னைக்கு வீட்டு நெருப்பை யாருக்கும் குடுக்க மாட்டாங்க. தீக்குச்சி புழக்கத்துக்கு வர்றதுக்கு முந்தி அடுப்பு அணைஞ்சு போனா பக்கத்து வீட்டுல போய் ஒரு கங்கு வாங்கிட்டு வர்றதுதானே வழக்கம், வருஷத்துல மத்த நாளெல்லாம் மறுக்காம குடுக்கிற அதே வீடு அன்னைக்கு மட்டும் கையை விரிச்சுரும், ஏன்னா அந்தக் கங்கோட வருஷத்து அதிர்ஷ்டமும் வாசல் தாண்டிப் போயிரும்னு நம்பிக்கை. அதனாலயே ராத்திரி படுக்கும்போது அடுப்பை சாம்பல் போட்டு மூடி பத்திரமா காப்பாத்துவாங்க.

இப்ப 742ஆம் வருஷத்துக்குப் போங்க. போனிஃபேஸ்ங்கிற பிஷப் போப் சக்கரிக்கு எழுதின கடிதம் நமக்குக் கிடைச்சிருக்கு. ரோம்லயே, செயின்ட் பீட்டர் தேவாலயத்துக்குப் பக்கத்துலயே, ஜனவரி முதல் தேதி ஜனங்க பேகன் முறையில தெருவுல பாடி ஆடுறாங்க, ராப்பகலா சாப்பாட்டு மேசையை நிறைச்சு வைக்கிறாங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கு நெருப்பு குடுக்க மாட்டேங்கிறாங்க, இரும்புச் சாமான் குடுக்க மாட்டேங்கிறாங்கன்னு புகார் பண்றார். போப் மறுக்கல, நாங்களும் அதைக் கண்டிச்சிருக்கோம்னுதான் பதில் எழுதினார். பாருங்க, ஆயிரத்துச் சொச்சம் வருஷ இடைவெளியில அதே விதி, அதே நாள்! ரோமுக்கும் ஸ்காட்லாந்துக்கும் நடுவுல அறுபடாத கயிறு ஓடுதுன்னு நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா பேகன்னு எழுத்துல பேர் வாங்கின புத்தாண்டு வழக்கத்தைக் காட்டுன்னு கேட்டா நான் காட்டுறது இதைத்தான், கண்ணைப் பறிக்கிற பீப்பாய் தீயை இல்ல.

ஸ்காட்லாந்துல புத்தாண்டு இவ்வளவு பெருசா ஆனதுக்கு திருச்சபையும் ஒரு காரணம். அங்க இருந்த சீர்திருத்த சபை (கத்தோலிக்கத்துல இருந்து பிரிஞ்ச புராட்டஸ்டன்ட் சபை) கிறிஸ்துமஸையே பைபிள்ல இல்லாத பண்டிகைன்னு ஒதுக்கிருச்சு, 1640ல பார்லிமென்ட் அந்த விடுமுறையை சட்டம் போட்டு எடுத்துருச்சு. டிசம்பர் 25 அங்க பொது விடுமுறையா ஆனது 1958லதான், நம்பக் கஷ்டமா இருக்கும். நடுக்குளிர்கால விருந்து, குடி, கொண்டாட்டம் எல்லாம் அப்படியே வருஷக் கடைசி ராத்திரிக்கு நகர்ந்துச்சு.

அடுத்த டிசம்பர் 31 ராத்திரி அங்கேயே இருந்தா நடுராத்திரி தாண்டி தெரிஞ்சவங்க வீட்டுக்கு முதல் ஆளா போங்க. கருப்பு முடி உள்ள ஆம்பளை முதல்ல வாசப்படி மிதிச்சா நல்லதுன்னு அவங்க நம்பிக்கை. வெறுங்கையோட போகாதீங்க, நிலக்கரித் துண்டு ஒண்ணு கொண்டு போய் அவங்க அடுப்புல போடுங்க. வீட்டுல வயசானவங்க இருந்தா, அவங்க பாட்டி காலத்துல அன்னைக்கு நெருப்பு குடுப்பாங்களான்னு கேட்டு எனக்கு எழுதுங்க.