31 வயதில் காயைப் பொறுக்கி ஒதுக்குகிறாரா? அதட்டவும் வேண்டாம், ஒளித்து ஊட்டவும் வேண்டாம்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். கல்யாணமாகி எட்டு மாதம். கணவருக்கு 31 வயது, எல்லாவற்றிலும் நல்ல மனிதர், சாப்பாட்டில் மட்டும்தான் பிரச்சினை. இட்லிக்குப் பொடி, தோசைக்குப் பொடி, நெய் விட்ட பருப்பு சாதம், தயிர் சாதம், மொறுமொறு என்று வறுத்த உருளைக்கிழங்கு, அப்பளம், எப்போதாவது சிக்கன் 65. அவ்வளவுதான். சாம்பாரில் ஒரு துண்டு காய் விழுந்தாலும் தட்டின் ஓரத்துக்குப் போகிறது, ரசத்தில் தக்காளித் தோல் மிதந்தால் வடிகட்டச் சொல்கிறார். கத்திரிக்காய், வெண்டைக்காய், கீரை, மீன் எதுவும் கிட்டத்திலேயே வரக்கூடாது. உறவினர் விசேஷங்களில் "பசிக்கலை" என்று பந்திக்கே போவதில்லை. மாமியார் "சின்னதிலேர்ந்தே அப்படித்தான், விட்டுடும்மா" என்கிறாராம், இவருடைய அம்மாவோ "ரெண்டு நாள் பட்டினி போட்டா தானா வழிக்கு வருவாரு" என்கிறாராம். போன மாதம் சுரைக்காயை அரைத்துத் தோசை மாவில் கலந்திருக்கிறார், இரண்டாவது வாயிலேயே கண்டுபிடித்துவிட்டார், அதிலிருந்து வீட்டுத் தோசையையே சந்தேகத்தோடு பார்க்கிறார். இது பிடிவாதமா, நோயா, எப்படி மாற்றுவது, நாளைக்குப் பிறக்கும் குழந்தையும் இப்படியே ஆகிவிடுமா என்று கேட்டிருக்கிறார்.

சகோதரி, முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் இப்படி ஒதுக்கிச் சாப்பிடுவது பெரும்பாலும் பிடிவாதம் இல்லை. உணவு ஆலோசனைக்கு வருபவர்களில் இப்படிப்பட்டவர்களை நான் தொடர்ந்து பார்க்கிறேன், அவர்களில் பலர் கூச்சப்பட்டுக்கொண்டு, அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே முகம் சுருங்கிப்போய்த்தான் உட்கார்ந்திருப்பார்கள். வேண்டுமென்றே செய்பவருக்கு அந்தக் கூச்சம் ஏன் வரப்போகிறது? உங்கள் கணவர் பந்தியைத் தவிர்ப்பதும் அதனால்தான் இருக்கும். இலையில் நாலு பேர் பார்க்க எதையாவது ஒதுக்கி வைத்து, "என்ன மாப்பிள்ளை, கத்திரிக்காய் பிடிக்காதா?" என்று கேள்வி வருவதைவிடப் பசியோடு இருப்பது மேல் என்று அவருக்குத் தோன்றுகிறது.

நாக்கு எல்லோருக்கும் ஒன்றுபோல இல்லை என்பது இன்று நேற்று தெரிந்த விஷயம் அல்ல. 1931-ல் அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவன ஆய்வுக்கூடத்தில் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர் பிடிசி என்னும் ஒரு தூளைக் கையாண்டபோது அது காற்றில் பறந்தது. பக்கத்திலிருந்தவர் வாயெல்லாம் கசக்கிறது என்றார், ஃபாக்ஸுக்கோ ஒரு சுவையும் தெரியவில்லை. கசப்பை உணர்வதில் இப்படிப் பிறவியிலேயே வித்தியாசம் இருக்கிறது, அதற்கு மரபணுக் காரணம் உண்டு என்பது பிறகு உறுதியானது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, நூல்கோல் வகையறாவில் நமக்கு லேசாகத் தெரியும் கசப்பு சிலருக்குத் தூக்கலாகவே தெரியும். கொத்தமல்லித் தழையைச் சோப்பு நாற்றம் என்று ஒதுக்குபவர்கள் இருக்கிறார்களே, அவர்களும் கதை விடவில்லை. அந்தத் தழையில் உள்ள ஆல்டிஹைடு என்ற வாசனைப் பொருட்களை உணரும் மரபணுவில் அவர்களுக்கு வித்தியாசம் இருக்கலாம்.

ஆனால் உங்கள் கடிதத்தைப் படித்தால், அவருடைய சிக்கல் சுவையைவிட வாயில் படும் பதத்தில் இருப்பதாகத்தான் எனக்குப் படுகிறது. அவர் சாப்பிடும் பட்டியலை இன்னொரு முறை பாருங்கள். ஒன்று உலர்ந்து மொறுமொறு என்று இருக்கிறது, இல்லாவிட்டால் ஒரே சீராகக் குழைந்திருக்கிறது. ஒதுக்குவதெல்லாம் வழவழப்பு, கொழகொழப்பு, மென்மைக்கு நடுவில் திடீரென்று தட்டுப்படும் தோல், விதை, நார். கத்திரிக்காயின் வழுக்கும் சதையும் பொடி விதையும் சேர்ந்து அவர் வாயில் உண்டாக்குவது பிடிக்காமை கூட இல்லை, குமட்டல். அதை மன உறுதியால் விழுங்கு என்றால் நடக்காது. அப்புறம், சிறு வயதில் ஏதோ ஒன்றைச் சாப்பிட்டு வாந்தி எடுத்திருந்தால், தப்பு அந்தச் சாப்பாட்டில் இல்லாவிட்டாலும் உடம்பு அதையே குற்றவாளியாக வைத்துக்கொள்ளும். ஒரே ஒரு தடவை போதும், பல வருஷம் நிற்கும். மீன் விஷயத்தில் அப்படி ஏதும் நடந்ததா என்று மாமியாரிடம் கேட்டுப் பாருங்கள்.

நோயா என்ற கேள்விக்கு வருகிறேன். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-ல் வெளியிட்ட வகைப்பாட்டில் ஆர்ஃபிட் என்று ஒரு கோளாறைச் சேர்த்தார்கள். உடல் பருமன் பற்றிய கவலை எதுவும் இல்லாமல், பதத்துக்கோ வாசனைக்கோ பயந்து, அல்லது சாப்பாட்டிலேயே நாட்டமில்லாமல், உணவை மிகவும் சுருக்கிக்கொள்வது. எடை குறைவது, சத்துக்குறைவு வருவது, சத்து மாத்திரையோ பானமோ இல்லாமல் ஓடாத நிலை, நாலு பேரோடு பழகும் வாழ்க்கை கெடுவது, இவற்றில் ஏதாவது ஒன்று கணிசமாக இருந்தால் அதைச் சாதாரண விருப்பு வெறுப்பு என்று விடக்கூடாது. 2019-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகர மருத்துவர்கள் ஒரு இளைஞனைப் பற்றி எழுதினார்கள். பல ஆண்டுகளாக உருளைக்கிழங்குச் சிப்ஸ், வெள்ளை ரொட்டி, பதப்படுத்திய இறைச்சி என்றே சாப்பிட்டு வந்தவன், பார்த்தால் ஒல்லியும் இல்லை குண்டும் இல்லை, 17 வயதுக்குள் பார்வை நரம்பு கெட்டுக் கண்பார்வையே போய்விட்டது. உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, உங்கள் கணவர் அந்த இடத்தில் இல்லை. ஆள் பார்க்கத் திடமாக இருக்கிறார் என்பதை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். பந்தியைத் தவிர்ப்பது மட்டும் எனக்குக் கொஞ்சம் உறுத்துகிறது. வெளியூர் வேலை, நண்பர்கள், அலுவலக விருந்து என்று மற்றதையும் சாப்பாட்டுக்காகத் தவிர்க்கிறாரா என்று கவனியுங்கள். தவிர்க்கிறார் என்றால் மனநல ஆலோசகரிடம் போவது நல்லது, இதற்கென்று சிகிச்சை முறைகள் இருக்கின்றன.

இப்போதைக்கு அவர் தட்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை? பருப்பும் தயிரும் தினமும் இருப்பதால் புரதம் ஓரளவு போகிறது, தயிரால் கால்சியமும் பி12-ம் கிடைக்கின்றன. குறைபவை நார்ச்சத்து, வைட்டமின் சி, வைட்டமின் ஏ, கீரையில் உள்ள ஃபோலேட் என்ற பி வைட்டமின். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குக் காய்கறி 400 கிராம், பழம் 100 கிராம் என்கிறது. அவர் காய் என்று தொடுவது உருளைக்கிழங்கை மட்டும்தான், அதையும் அந்த 400 கிராமில் சேர்க்க முடியாது. பழம் பற்றி நீங்கள் எழுதவே இல்லை. காய் சாப்பிடாதவர்களில் பலர் பழம் சாப்பிடுவார்கள், யாரும் கேட்காததால் வீட்டில் வாங்குவதில்லை. கொஞ்சம் கெட்டியான கொய்யாவை மிளகாய்த்தூள், உப்பு தூவி வைத்துப் பாருங்கள். ஒரு கொய்யாவே ஒரு நாளைய வைட்டமின் சி தேவையைத் தாண்டிவிடும், நறுக்கென்று கடிபடும். விதை உறுத்தினால் நடுச்சதையை வழித்து எடுத்துவிடலாம்.

அடுத்து ஒளித்து ஊட்டுவது. இதை மட்டும் இனி செய்யாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நல்ல எண்ணத்தில்தான் செய்தீர்கள், ஆனால் நடந்ததைப் பாருங்கள். சுரைக்காய் உள்ளே போகவில்லை, தோசை வெளியே போகப் பார்த்தது. இவர் நம்பிச் சாப்பிடுவதே ஏழெட்டுப் பண்டம், அதில் ஒன்று கெட்டுப்போனால் நஷ்டம் பெரிது. "இனிமேல் உங்களுக்குத் தெரியாமல் எதையும் கலக்க மாட்டேன்" என்று வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். உங்கள் அம்மா சொல்லும் பட்டினி வைத்தியமும் வேண்டாம், அதில் வெறுப்பு கூடுமே தவிர நாக்கு மாறாது.

சரி, வழி என்ன? அவர் சாப்பிடுவதிலிருந்தே ஒரு அடி தள்ளிப் போவதுதான். உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது, மனிதர் பொடி சாப்பிடுகிறார்! வழவழப்பும் நாரும் இல்லாமல் கீரையை உள்ளே அனுப்பப் பொடியைவிட நல்ல வழி நம் சமையலில் எனக்குத் தெரியவில்லை. முருங்கைக்கீரையை நிழலில் காயவைத்து, உளுந்து, மிளகாய் வற்றல், கொஞ்சம் பூண்டோடு வறுத்து அரையுங்கள், கறிவேப்பிலைப் பொடி ஒன்று, கொள்ளுப் பொடி ஒன்று. வழக்கமான பொடியை எடுத்துவிடாதீர்கள், அது தட்டில் இருக்கட்டும், புதுப் பொடி அதற்குப் பக்கத்தில் ஒரு சிட்டிகை, இது முருங்கைக்கீரை என்று பெயர் சொல்லியே வையுங்கள். தொடவில்லையா, ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள், ரெண்டு நாள் கழித்து மறுபடி வையுங்கள். பழக்கமில்லாத ஒன்றை நாக்கு ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து முறை கூட ஆகலாம் என்று குழந்தைகளிடம் நடந்த ஆய்வுகள் சொல்கின்றன, பெரியவர்களுக்கு அதைவிடக் குறையும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

பருப்பு சாதமும் அப்படித்தான். துவரம்பருப்பிலிருந்து பாசிப்பருப்பு, அதிலிருந்து பச்சைப்பயறு கடைசல், அப்புறம் உங்கள் கொங்குநாட்டுக் கொள்ளு கடைசல். எல்லாமே சாதத்தில் நெய் விட்டுப் பிசையும் ஒரே பதம், ஆனால் பயறும் கொள்ளும் தோலோடு வருவதால் நார்ச்சத்து கூடிக்கொண்டே போகும். முதலில் நன்றாக மசித்து, தேவைப்பட்டால் மிக்ஸியில் ஒரு சுற்று விட்டு, தோல் தட்டுப்படாமல் கொடுங்கள்.

வறுவலில் உருளைக்கிழங்குக்குப் பதில் அதே கனத்தில் வாழைக்காய், அதே மசாலா, அதே கடாய். பிறகு சேனை. இவையும் மாவுச்சத்துதானே என்றால் ஆமாம், சத்துக் கணக்கில் பெரிய லாபம் இல்லை, ஆனால் "புதுசாக ஒன்றைச் சாப்பிட்டேன், ஒன்றும் ஆகவில்லை" என்ற அனுபவம் அவருக்கு வேண்டும், அதற்காகத்தான். அதன் பிறகுதான் வெண்டைக்காய். அதைக் கழுவி ஈரம் துளியும் இல்லாமல் துணியால் துடைத்து, உலர்ந்த கத்தியால் நீளவாக்கில் மெல்லிசாகக் கீறிக்கொள்ளுங்கள். அந்தக் கொழகொழப்பு தண்ணீரில் கரைந்து பெருகும் ஒரு பசை, ஈரம் பட்டால் நூல் நூலாக வரும். கடலை மாவு, அரிசி மாவு, மிளகாய்த்தூள் தூவிப் பிசிறி, தண்ணீர் தெளிக்காமல் சூடான எண்ணெயில் பொரியுங்கள், உப்பைக் கடைசியில் மேலே தூவுங்கள், முதலிலேயே போட்டால் நீர் விடும். சிக்கன் 65 சாப்பிடுகிறவருக்கு இது அந்நியமாக இருக்காது. பிடித்துவிட்டால் அடுத்தடுத்த தடவை மாவைக் குறைத்து, பிறகு பொரிப்பதை விட்டு அகலமான இரும்புக் கடாயில் மூடி போடாமல் வதக்கலாம். கத்திரிக்காய்ப் பக்கம் இப்போதைக்குப் போகவே வேண்டாம், வாழ்நாள் முழுக்கக் கத்திரிக்காய் சாப்பிடாமலே ஆரோக்கியமாக இருக்க முடியும்.

இதையெல்லாம் வாரம் ஒன்றுக்கு மேல் ஆரம்பிக்காதீர்கள். எதை முயற்சி செய்வது என்று அவரையே கேளுங்கள், அவர் தேர்ந்தெடுத்தால் பாதி வேலை முடிந்தது. ஒரு வாய் வைத்துத் துப்பினாலும் முகம் சுளிக்காதீர்கள், சாப்பிட்டுவிட்டால் கைதட்டிப் பாராட்டவும் வேண்டாம், பெரிய மனிதரைப் பாராட்டிச் சாப்பிட வைப்பது அவருக்குச் சங்கடம்.

விசேஷ வீட்டுக்குப் போகும் முன் வீட்டிலேயே கொஞ்சம் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். பந்தியில் உங்கள் பக்கத்தில் உட்காரட்டும், இலையில் அப்பளமும் பருப்பும் தயிரும் அவருக்கு நிச்சயம் உண்டு, வேண்டாததைப் பரிமாற வரும்போது "அவருக்கு வேண்டாங்க" என்று நீங்களே ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். காரணம் சொல்லவே வேண்டாம்.

குழந்தை விஷயம். இரட்டையர்களை வைத்து நடந்த ஆய்வுகளில், புது உணவைக் கண்டு தயங்கும் குணத்தில் பெரும்பங்கு பிறவியில் வருவது என்று தெரிந்திருக்கிறது, அதனால் வராது என்று வாக்குக் கொடுக்க முடியாது. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை எல்லாக் குழந்தைகளும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அதை அப்பாவின் குணம் என்று முத்திரை குத்திவிடாதீர்கள். அம்மா தட்டில் எல்லாக் காயும் இருப்பதைப் பார்த்து வளர்வதும், யாரும் வாயில் திணிக்காமல் இருப்பதும் குழந்தைக்கு உதவும். குழந்தை முன்னால் அவர் "சீ, கத்திரிக்காயா" என்று சொல்லாமல் ஒதுக்கி வைத்தால் போதும், அதை இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த மாதத்திலேயே அவருக்கு ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், பி12, ஃபோலேட், வைட்டமின் டி பார்த்துவிடுங்கள், அரிசியும் வறுவலும் அதிகம் என்பதால் மூன்று மாதச் சராசரி சர்க்கரையும் கொழுப்பும் சேர்த்து. ஏதாவது குறைந்திருந்தால் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்துக்கொள்ளட்டும், கடையில் தானாக வாங்க வேண்டாம். மலச்சிக்கல் இருக்கிறதா என்றும் கேளுங்கள், இப்படிச் சாப்பிடுபவர்கள் அதை வெளியே சொல்வதில்லை.