பொம்மையைத் தர மறுத்தால் சுயநலமா? குழந்தை வளர்ப்பு: கேள்வி – பதில்

கேள்வி: என் மகனுக்கு மூன்றரை வயது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் விளையாட வந்தால் ஒரு பொம்மைக் காரைக்கூடத் தொட விடுவதில்லை; யாராவது எடுத்துவிட்டால் பிடித்துத் தள்ளுகிறான். “ஒற்றைப் பிள்ளை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்” என்கிறார் மாமியார். இவனுக்கு விட்டுக்கொடுக்கக் கற்றுத்தருவது எப்படி?
– ஒரு வாசகி, திருச்சி

பதில்: மூன்றரை வயதில் தன் பொம்மையைத் தர மறுப்பது வயதுக்குரிய இயல்பு. அதற்காக உங்கள் வளர்ப்பையோ, அவன் ஒற்றைப் பிள்ளையாக இருப்பதையோ குறை சொல்வதற்கில்லை. பாலர் பள்ளிக் குழந்தைகளின் விளையாட்டை உற்றுக் கவனித்து 1932இல் தம் ஆய்வை வெளியிட்ட அமெரிக்க ஆய்வாளர் மில்ட்ரெட் பார்ட்டன், இரண்டு, மூன்று வயதுப் பிள்ளைகள் அருகருகே உட்கார்ந்து ஒரே மாதிரிப் பொம்மைகளை வைத்துக்கொண்டு, ஆனால் தனித்தனியாகவே விளையாடுவதை விவரித்திருக்கிறார். பொருளைக் கொடுத்து வாங்குவதும், ‘நீ டாக்டர், நான் நோயாளி’ என்று ஆளுக்கொரு வேடம் பிரித்துக்கொண்டு ஆடுவதும் அதற்குப் பிறகே கூடிவருகின்றன. தன் மனத்தில் இருப்பதற்கு மாறான ஒன்று அடுத்தவர் மனத்தில் இருக்கக்கூடும் என்பதும் பெரும்பாலான குழந்தைகளுக்கு நான்கு வயதை ஒட்டித்தான் தெளிவாகிறது. ஆகவே “அவன் மனம் என்ன பாடுபடும், யோசித்துப் பார்” என்று நீங்கள் சொல்வது உங்கள் மகனுக்கு முழுதாகப் பிடிபடாது.

இதில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. மூன்று முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளிடம் ஒட்டுப்படங்களைக் கொடுத்து நடத்திய ஆய்வொன்று 2013இல் வெளிவந்தது. ‘சமமாகப் பங்கிட வேண்டும்’ என்று மிகச் சிறிய பிள்ளைகளும் சரியாகவே சொன்னார்கள். ஆனால் தங்கள் கையில் படங்கள் வந்ததும் பெரும்பங்கைத் தங்களுக்கே வைத்துக்கொண்டார்கள். ஏழெட்டு வயதுப் பிள்ளைகளே சொன்னபடி கொடுத்தார்கள். அதாவது, அறிவுரை போதாமல் பிள்ளைகள் மறுப்பதில்லை. தெரிந்ததைச் செய்யும் பக்குவம் பின்னால்தான் வருகிறது. அதே அறிவுரையைக் குரலை உயர்த்தித் திரும்பச் சொல்வதால் பயனில்லை என்று நான் கருதுவது இதனால்தான்.

பிள்ளைகள் வருவதற்கு முன்பே, அவனுக்கு மிகவும் பிடித்த ஓரிரண்டு பொம்மைகளை அவன் கையாலேயே எடுத்து அலமாரியில் வைக்கச் சொல்லுங்கள். மீதி எல்லாம் எல்லோருக்கும் பொது என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள். எதை இழக்கப் போவதில்லை என்பது உறுதியான பிறகு பிள்ளையின் பிடி தானாகவே தளர்கிறது. ‘ஐந்து நிமிடம் கழித்துக் கொடு’ என்பது கடிகாரம் பார்க்கத் தெரியாத பிள்ளைக்கு விளங்காது. ‘இவன் காரைக் கூடத்தில் மூன்று சுற்று ஓட்டட்டும், அப்புறம் உன் முறை’ என்றால் விளங்கும், ஏனெனில் சுற்றுகளை அவனே எண்ணிப் பார்க்கலாம். ஊஞ்சலில் பத்து எண்ணும் வரை ஒருவர் ஆடுவதும், ‘சாட் பூட் த்ரீ’ போட்டு முதல் ஆளைத் தேர்வதும் நம் பிள்ளைகள் காலங்காலமாக முறை காத்துப் பழகிய வழிகள்தாம். பெரியவர்கள் பொம்மையைப் பிடுங்கி அடுத்த பிள்ளையிடம் கொடுப்பதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். வலியவர் பிடுங்கிக்கொள்ளலாம் என்பதைத்தான் பிள்ளை அதிலிருந்து கற்றுக்கொள்ளும்.

தள்ளும் கையை உடனே தடுத்து, ‘தள்ளக் கூடாது, வலிக்கும்’ என்று ஒரே வரியில் சொன்னால் போதும். அழுதுகொண்டே, தரையைப் பார்த்துக்கொண்டு ‘சாரி’ சொல்ல வைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை. விழுந்த பிள்ளைக்குத் தண்ணீர் எடுத்து வரவும், கலைந்துபோன கட்டைகளைத் திரும்ப அடுக்கிக் கொடுக்கவும் அவனைக் கூட்டிச் செல்லுங்கள். அந்த வயதில் மன்னிப்பு என்பது கையால் செய்ய முடிகிற ஒரு வேலையாக இருந்தால்தான் அவனுக்குப் பொருள்படும்.

கேள்வி: ஐந்து வயதுப் பேத்தி, ‘நமக்கு உதவுவோர்’ படத்தாளைப் பார்த்துத் தபால்காரர், காவலர், மருத்துவர் என்று ஒப்பிக்கிறாள். ஆனால் காலையில் வாசலில் விசில் கேட்டால் “குப்பைக்காரன் வந்துட்டான்” என்கிறாள். எப்படித் திருத்துவது?
– ஒரு தாத்தா, மதுரை

பதில்: அந்த ‘வந்துட்டான்’ படத்தாளிலிருந்து வந்திருக்க வாய்ப்பில்லை, வீட்டில் யாரோ சொல்வதைத்தான் அவள் திரும்பச் சொல்கிறாள். பெரியவர்கள் ‘அண்ணன் வந்துட்டார்’, ‘அக்கா வந்துட்டாங்க’ என்று பேசத் தொடங்கினால், பேத்தியைத் தனியாகத் திருத்த வேண்டிய தேவையே பெரும்பாலும் இராது.

அதோடு அவளுக்கு ஒரு பொறுப்பையும் கொடுங்கள். 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்ததிலிருந்தே வீட்டில் குப்பையைப் பிரித்துக் கொடுப்பது நம் கடமையாகிவிட்டது. காய்கறித் தோல் மக்கும் குப்பை, பால் பாக்கெட் மக்காத குப்பை என்று பிரிக்க ஐந்து வயதுப் பிள்ளையால் முடியும். வாளியைக் கொண்டுபோய்த் தூய்மைப் பணியாளரிடம் அவளே கொடுக்கட்டும். உடைந்த கண்ணாடித் துண்டை நீங்கள் தடித்த தாளில் சுற்றித் தனியே வைக்கும்போது, சுற்றாமல் போட்டால் அது யார் கையைக் கிழிக்கும் என்று கேளுங்கள். தினமும் பார்க்கும் ஒருவருடைய கை அவள் நினைவுக்கு வரும். அவருடைய பெயரையும் கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

தபால்காரரையும் படத்தாளிலிருந்து வெளியே கொண்டுவரலாம். ஓர் அஞ்சலட்டை வாங்கி, அவள் வரையும் படத்தோடு உங்கள் வீட்டு முகவரிக்கே எழுதி, பெட்டியில் அவளையே போடச் சொல்லுங்கள். 1972 ஆகஸ்ட் 15இல் நடைமுறைக்கு வந்த ஆறு இலக்கப் பின்கோட்டில் முதல் எண்ணான 6, தமிழ்நாடும் கேரளமும் அடங்கிய மண்டலத்தைக் குறிக்கிறது. மதுரை எண்கள் 625 என்று தொடங்குகின்றன. எண்களை எழுதப் பழகும் பிள்ளைக்கு அந்த ஆறு கட்டங்களை நிரப்புவதே கொண்டாட்டமாக இருக்கும். அட்டை வந்து சேரும்வரை எத்தனை பேர் கைமாறி வருகிறது என்று கதையாகச் சொல்லிக்கொண்டிருங்கள்.

கேள்வி: வீட்டு வேலையில் உதவினால் சாக்லேட் தரலாமா?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: வழக்கமாக்க வேண்டாம். பெரியவர் ஒருவர் துணி மாட்டும் கிளிப்பைக் கைதவறவிட்டு எட்டாமல் தவிக்கும்போது, பதினெட்டு மாதக் குழந்தைகள் யாரும் கேட்காமலேயே அதை எடுத்துக் கொடுத்ததை வார்னெகன், டொமசெல்லோ என்னும் இரு ஆய்வாளர்கள் 2006இல் பதிவு செய்தார்கள். 2008இல் இருபது மாதக் குழந்தைகளிடம் அவர்கள் நடத்திய ஆய்வில், உதவியதற்குப் பரிசு பெற்ற குழந்தைகள், வெறும் பாராட்டைப் பெற்றவர்களையும் எதுவுமே பெறாதவர்களையும் விடப் பிறகு குறைவாகவே உதவினார்கள். உருளைக்கிழங்குத் தோலை உரிக்க உதவிய பிள்ளைக்கு, ‘இன்றைக்குப் பொரியல் சீக்கிரம் ஆகிவிட்டது’ என்ற உண்மையைச் சொன்னாலே போதும்.

கேள்வி: உறவினர் முத்தம் கேட்டால் நான்கு வயது மகள் ஓடி ஒளிகிறாள். மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்கிறார்கள்.
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: கைகூப்பி வணக்கம் சொன்னால் மரியாதை நிறைவேறிவிட்டது, அதற்கு மேல் அவளை வற்புறுத்தாதீர்கள். விருப்பமில்லாத தொடுதலை மறுக்கலாம் என்பதை அவள் இந்த வயதிலேயே அறிந்திருக்க வேண்டும். உறவினரிடம் ‘அவள் அப்படித்தான்’ என்று சிரித்துச் சமாளிப்பதை விட, ‘அவள் விரும்பும்போது வருவாள்’ என்று நீங்களே முன்வந்து சொல்லுங்கள். ஒளிவது ஒரு குறிப்பிட்ட நபரைக் கண்டால் மட்டும் என்றால் கூச்சம் என்று விட்டுவிடாமல், மகளிடம் தனிமையில், பதறாமல் பேசிப் பாருங்கள். ஐயம் எழுந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை அழைத்து ஆலோசனை பெறலாம்.