மட்டக்கம்பு எத்தனை அடி?

அன்பின் ஐயா,

இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்திலிருந்து எழுதுகிறேன். ஒரு வருடமாகத் தினமும் காலையில் ஐந்து சுவையான விஷயங்களைத் தேடி நண்பர்களுக்குப் போனில் அனுப்பி வருகிறேன். கலை, வடிவமைப்பு, சமூகம் எல்லாம் கலந்திருக்கும். உடைந்த கிண்ணத்தைப் பொன் தூள் பூசி ஒட்டும் ஜப்பானிய முறை, பின்லாந்தில் பிள்ளை பெறும் தாய்க்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டைப்பெட்டி, லண்டன் சுரங்க ரயில் வரைபடம், இப்படி. இப்போது நூற்றிருபது பேர் வாசிக்கிறார்கள். இதைத் தொடர்வதில் பயன் உண்டா? ஐந்து அதிகமா? ஆங்கிலத்துக்கு மாறலாமா? நம் பக்கத்து விஷயமும் போடச் சொல்கிறார்கள். இங்கே அப்படி என்ன இருக்கிறது? தேயிலையும் மழையும்தானே. ஒரு வாரத்து மடல்களை இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி

அன்பின் மகளுக்கு,

ஐந்து அதிகமில்லை, மூன்றும் குறைவில்லை. ஆங்கிலத்துக்கு மாறுவது உங்கள் இஷ்டம். பயன் உண்டா என்றால், நூற்றிருபது பேர் காலைத் தேத்தண்ணியோடு ஒரு நல்ல விஷயத்தை வாசிக்கிறார்கள். அது போதாதா? நான் பதில் எழுத உட்கார்ந்ததே உங்கள் கடைசிக் கேள்விக்காக.

‘தேயிலையும் மழையும்தானே.’ இதை ஒரு துரை சொல்லியிருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். லயத்தில், தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை எழுதியதால் கோபம் வந்தது. உங்கள் பழைய ஊரே மவுசாக்கலைத் தண்ணீருக்கடியில் கிடக்கிறது. நீர் வற்றினால் கோயில் தலைகாட்டும். பார்ப்பதற்குத் தூரத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். சரி, அதை விடுங்கள்.

மடல்களை வாசித்தேன். ஒட்டுப்போட்ட கிண்ணத்தை உலகமே போட்டு முடித்துவிட்டது, வேண்டாம். பின்லாந்துப் பெட்டிக்குக் கீழே ‘எவ்வளவு அழகு!’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவ்வளவுதானா? 1938இல் வசதி குறைந்த தாய்மாருக்கென்று தொடங்கி, 1949இல் எல்லாத் தாய்மாருக்குமாக மாறிய திட்டம் அது. பெட்டி வேண்டுமானால் தாய் கர்ப்பத்தின் தொடக்க மாதங்களிலேயே கிளினிக்குக்குப் போயிருக்க வேண்டும். அந்த நிபந்தனையில்தான் அதன் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. உங்கள் மடலில் இருப்பதோ அட்டையும் அதன் நிறமும்.

லண்டன் வரைபடமும் அப்படித்தான். அதை வரைந்த ஹாரி பெக் சுரங்க ரயில் நிறுவனத்தில் மின்சுற்றுப் படம் வரைந்துகொண்டிருந்தவர். தன் மேசையில் கிடந்த அந்தக் கோடுகளைப் பார்த்துத்தான், ரயில் பாதையையும் இப்படி நேர்கோடாகவும் சாய்கோடாகவும் போட்டால் என்ன என்று 1931இல் வரைந்து பார்த்தார் என்பார்கள். முதலில் வேண்டாம் என்றார்கள். 1933இல் அச்சிட்டதும் பயணிகள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவருடைய மேசையில் மின்சுற்று கிடந்தது. உங்கள் மேசையில் என்ன கிடக்கிறது?

நம்மிடமும் ரயில் கதை ஒன்று இருக்கிறது. தெமோதர நிலையத்தைத் தாண்டும் பாதை ஒரு சுற்றுச் சுற்றி, அதே நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தில் நுழைந்து போகிறது. இறக்கத்தை எப்படிச் சமாளிப்பது என்று விழித்துக்கொண்டிருந்த எஞ்சினியர், ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்து யோசனை பிடித்தாராம். உண்மையோ பொய்யோ, கதையில் எஞ்சினியருக்குப் பெயர் இருக்கிறது. கங்காணிக்குத் தலைப்பாகை மட்டும்தான்.

போன மாதம் நுவரெலியாப் பக்கம் ஒரு விடுதியில் கல்யாண விருந்து. சாப்பாட்டுக் கூடத்தில் கொழுந்துக் கூடைகளைக் கவிழ்த்துத் தொங்கவிட்டு உள்ளே பல்ப் போட்டிருந்தார்கள். அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் கூடைகளில் கயிறு இல்லை. வெட்டி எடுத்துவிட்டார்கள். கூடை தொங்குவதே தலையில் மாட்டும் அந்தக் கயிற்றில்தான். எங்கள் அம்மாவுக்கு உச்சிக்குச் சற்று முன்னால் முடி தேய்ந்து ஒரு தடம் இருந்தது. கயிற்றுத் தடம். பின்னலை எங்கே எடுத்துக் கட்டினாலும் அது தெரியும். அந்தக் கூடத்தில் உட்கார்ந்து பிரியாணி சாப்பிட்டபோது எனக்கு அந்தத் தடம்தான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவர் ‘நல்ல டிசைன்’ என்றார். ‘ஓம்’ என்றேன்.

அன்றிலிருந்து கூடையை விட்டுவிட்டு, விளக்காகவோ அலங்காரமாகவோ யாராலும் மாற்ற முடியாத சாமான் ஏதாவது நம்மிடம் உண்டா என்று யோசித்தேன். மட்டக்கம்பு நினைவுக்கு வந்தது. உங்கள் மடலில் ஒரு வருடமாக வராத சாமான்.

ஒரு கம்பு, அவ்வளவுதான். கொழுந்து எடுப்பவர் அதைச் செடியின் மேல் கிடையாக வைப்பார். கம்புக்கு மேலே எழும்பி நிற்கும் இரண்டு இலையும் மொட்டும் கூடைக்கு. கீழே நிற்பது அடுத்த முறைக்கு. பிறகு கம்பு அடுத்த செடிக்குப் போகும். இதில் சேர்க்கவும் ஒன்றுமில்லை, குறைக்கவும் ஒன்றுமில்லை. நீங்கள் பாராட்டும் டென்மார்க் நாற்காலிகளில் எத்தனைக்கு அப்படிச் சொல்லலாம்?

பச்சைக் கம்பளம் விரித்ததுபோல மலை என்று எழுதாத எழுத்தாளன் இல்லை. நானும் எழுதியிருக்கிறேன், வெட்கமாக இருக்கிறது. அந்தக் கம்பளத்தை யார் விரித்தது? தேயிலையை அதன் போக்கில் விட்டால் மரமாகிவிடும். சில வருடங்களுக்கு ஒருமுறை செடியை வெட்டிக் குறுக்க வரும் கவ்வாத்துக் கத்தியும், கிழமைக்குக் கிழமை வரும் இந்தக் கம்பும்தான் அதை இடுப்பளவில் பிடித்து வைத்திருக்கின்றன. ரயில் ஜன்னலில் தலையை நீட்டி வெளிநாட்டுக்காரர் படம் எடுக்கிறாரே, அந்த மட்டம் மழை கொடுத்ததில்லை. இடுப்பில் படங்குச் சாக்கு கட்டிய பெண்கள் ஒவ்வொரு செடியாகக் கம்பு வைத்துப் பார்த்த மட்டம் அது. நீங்கள் ‘தேயிலைதானே’ என்றீர்கள்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது அம்மாவின் மட்டக்கம்பை இஸ்தோப்புத் திண்ணையிலிருந்து எடுத்துக்கொண்டு போய் விக்கெட்டாக நட்டேன். இரண்டாவது ஓவரிலேயே முறிந்தது. இரண்டு துண்டையும் கூடைக்குள் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாதவன்போலப் படுத்துக்கொண்டேன். காலையில் பிரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்கு, நேரமாகிவிட்டது. அம்மாவுக்கு என்னை அடிக்க நேரமில்லை. யாரிடமோ இரவல் கம்பு வாங்கிக்கொண்டு மலைக்குப் போனார். அது அவர் கைக்கு நீளம். செடிக்குச் செடி தடுமாறி, அன்று கிலோ குறைந்து அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், போட்டுவிட்டார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் எனக்கு அரைப்பேர் என்றே பெயர். வாத்தியார் வேலை கிடைத்து முதல் சம்பளத்தைக் கொண்டுபோய்க் கையில் கொடுத்தேன். எண்ணிப் பார்த்துவிட்டு, ‘அந்த அரைப் பேரு இதுல இல்லையே’ என்றார்.

உங்கள் அம்மா கொழுந்துக்குப் போகிறவரா என்று கடிதத்தில் இல்லை. இல்லாவிட்டால் பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருப்பார். அவருடைய கம்பு எத்தனை அடி, யார் வெட்டிக் கொடுத்தது, எங்கே சாத்தி வைப்பார் என்று கேட்டு எழுதுங்கள். படம் எடுத்தால் கையும் சேர்ந்து தெரியட்டும். எடுத்த இடத்திலேயே திருப்பி வைத்துவிடுங்கள், விடிந்தால் அவருக்குப் பிரட்டு.