துணியில் போட்டோ, துணியால் போர்வை: தையல் அக்காவிடம் கேள்வி பதில்

கேள்விக்கு முன் ஒன்று: அசல் போட்டோவை ஸ்கேன் செய்யாமல் எந்தக் கடையிலும் கொடுக்காதீர்கள். சரி, கேளுங்கள்.

லாஸ்பேட்டை: அப்பா அம்மாவின் அறுபதாம் கல்யாணத்துக்கு 20 போட்டோ வைத்து ஒரு குயில்ட் (துணிக் கட்டங்களை இணைத்து, உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கும் போர்வை) தைக்க வேண்டும் அக்கா. எந்த முறையில் அச்சடிப்பது? துணி எவ்வளவு?

மடியில் போட்டுக்கொள்ளும் போர்வை என்றால் பருத்தியில் ரியாக்டிவ் டிஜிட்டல் பிரிண்ட்தான். ஆவியில் வேகவைத்துக் கழுவித் தருவார்கள். சாயம் நூலோடு சேர்ந்துவிடும், தொட்டால் துணியாகவே இருக்கும். திருப்பூர், ஈரோடு பக்கம் இந்த வேலை நடக்கிறது. 20 படங்களையும் ஒரே ஃபைலில் அடுக்கிக் கொடுத்தால் 44 இன்ச் அகலத் துணியில் ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும்.

வீட்டு இங்க்ஜெட்டில் போடுவதானால் பிக்மென்ட் மை (நுண்ணிய நிறத்துகள் கலந்த மை) உள்ள பிரிண்டர் வேண்டும். டை மை (நீரில் கரையும் சாய மை) முதல் சலவையிலேயே கலங்கும். கஞ்சி போக அலசிய வெள்ளை பாப்ளினையோ கேம்ப்ரிக்கையோ சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டு, முழு ஏ4 ஸ்டிக்கர் ஷீட்டில் ஒட்டி, ஓரத்து நூல்பிசிறை ஒட்ட வெட்டிவிட்டு, பின்பக்க டிரே வழியாக விடுங்கள். ஒரு பிசிறு ஹெட்டில் சிக்கினாலும் படம் முழுக்கக் கோடு விழும். துணியில் நிறம் மங்கித்தான் விழும். அதனால் கான்ட்ராஸ்டையும் நிற அடர்த்தியையும் கொஞ்சம் ஏற்றி, ஒரு துண்டில் சோதித்துப் பாருங்கள். ஒரு நாள் காயவிட்டு, ஸ்டிக்கரை உரித்து, பச்சைத் தண்ணீரில் விரித்தபடி அலசுங்கள். பிழியவோ மடிக்கவோ கூடாது, ஒரு முகத்தின் மை இன்னொரு முகத்தில் ஒட்டும்.

வெட்டுவது இதற்கெல்லாம் பிறகு. அலசியதும் துணி சற்றுச் சுருங்கும், முன்பே வெட்டினால் கட்டங்கள் ஒன்றுக்கொன்று சேராது.

கணக்கு: படத்தை 7 இன்ச்சுக்கு அச்சடித்து 6½ இன்ச் சதுரமாக வெட்டுங்கள். கால் இன்ச் தையலில் போனால் 6 இன்ச் நிற்கும். முகம் ஓரத்திலிருந்து ஒரு இன்ச்சாவது உள்ளே இருக்கட்டும், இல்லையென்றால் பெரியப்பாவின் காது தையலுக்குள் போய்விடும். அகலத்தில் 4, உயரத்தில் 5 படம். இடையிலும் சுற்றிலும் 2 இன்ச் பட்டி (2½ வெட்டு), அதற்கு வெளியே 4 இன்ச் பார்டர் (4½ வெட்டு). மொத்தம் 42க்கு 50 இன்ச். பின்துணியும் பஞ்சும் நாலு பக்கமும் 3 இன்ச் கூடுதலாக, 48க்கு 56. துணி அகலம் 44தான் என்பதால் 48 இன்ச் நீளத்தில் இரண்டு துண்டு இணைக்க வேண்டும், 2¾ மீட்டர் வாங்குங்கள். ஓரத்துக்கு 2½ இன்ச் பட்டி ஐந்து, 40 செ.மீ. துணி போதும்.

திருப்பாதிரிப்புலியூர்: மக் பிரிண்ட் போடும் கடையில் பருத்தியிலும் சப்ளிமேஷன் போடலாம் என்கிறார்கள்.

போடலாம், நிற்காது. அந்த மை சுமார் 200 டிகிரி சூட்டில் ஆவியாகிப் பாலியஸ்டர் இழைக்குள்தான் புகும். பருத்தியில் அதற்குப் பிடிப்பில்லை.

வில்லியனூர்: டிரான்ஸ்ஃபர் பேப்பர், டிடிஎஃப் (ஃபிலிமில் அச்சடித்துச் சூட்டில் துணிக்கு மாற்றுவது)?

இரண்டும் துணிமேல் ஒட்டும் பிளாஸ்டிக் படலம். சுவரில் மாட்ட அழகு. போர்வையில் மடிப்பு விழுந்த இடமெல்லாம் வெடிக்கும். படத்தின் மேல் நேராக இஸ்திரிப்பெட்டி வைக்கவே கூடாது, உருகி அடியில் ஒட்டும். பேக்கிங் பேப்பர் போட்டுத் தேயுங்கள்.

முதலியார்பேட்டை: இங்க்ஜெட் மையே போதும் அக்கா. வினிகரும் கல்லுப்பும் போட்ட தண்ணீரில் ஊறவைத்தால் சாயம் போகவே போகாது.

போகும். வினிகர் உதவுவது பட்டுக்கும் கம்பளிக்கும் போடும் அமிலச் சாயங்களுக்கு. உப்பு, பருத்திக்குச் சாயம் ஏற்றும்போது அதை நூல் பக்கம் தள்ளும். ஏற்கெனவே அச்சான மையைப் பூட்டி வைக்காது.

பண்ருட்டி: எங்கள் ஆயா சுங்குடிச் சேலையை உப்புத் தண்ணீரில்தான் முதலில் நனைப்பார். சாயம் போனதில்லையே?

உப்புத் தண்ணீரில் சாயம் குறைவாகக் கரையும், அதனால் பக்கெட் தெளிவாகத் தெரியும். அடுத்த முறை வெறும் தண்ணீரில் நனைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

நெல்லிக்குப்பம்: அப்படியானால் படிகாரம்? நம் சோழமண்டலக் கரையில் சாயவேர்ச் சிவப்பைப் படிகாரம் வைத்துத்தானே நிறுத்தினார்கள்?

நல்ல கேள்வி. சாயவேரின் சிவப்பு, படிகாரத்தில் உள்ள அலுமினியத்தோடு பிணைந்து நூலில் தங்கும். அதற்கும் சாயம் ஏற்றுவதற்கு முன்பே துணியைப் படிகாரத்தில் பதப்படுத்த வேண்டும். பிரிண்டர் மை வேறு இனம். அதன் சாயத்துக்கு எதிர்மின்னேற்றம், நனைந்த பருத்திக்கும் அதே. ஒன்றையொன்று தள்ளும். துணி மென்மையாக்கும் திரவத்தில் நேர்மின்னேற்றம் உள்ள பொருள் இருப்பதால் அச்சடிப்பதற்கு முன் அதில் நனைத்து உலர்த்தினால் டை மை கொஞ்சம் பிடிக்கும். படிகாரம், சோடா, மென்மையாக்கி சேர்த்த கலவையைச் சிலர் பயன்படுத்துகிறார்கள். பலன் துணிக்குத் துணி மாறும். பரிசுப் போர்வைக்கு நம்ப மாட்டேன்.

முதலியார்பேட்டை: ஆனாலும் வினிகர்…

ஊறுகாய்க்கு வையுங்கள்.

தேவனாம்பட்டினம்: 2024 ஃபெஞ்சல் வெள்ளத்தில் ஆல்பம் நனைந்துவிட்டது. போட்டோக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றன. ஒன்று ஃபிரேம் கண்ணாடியில் ஒட்டிவிட்டது.

பிய்க்காதீர்கள். படம் இருப்பது மேலே உள்ள ஜெலட்டின் பூச்சில், இழுத்தால் அதுதான் உரியும். ஒட்டிய நிலையிலேயே முதலில் தெரிவதையெல்லாம் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடியோடு ஒட்டியதைக் கண்ணாடியோடுதான்: ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும், ஃபிளாஷ் வேண்டாம், எதிரே கறுப்புத் துணி தொங்கவிட்டால் பிரதிபலிப்பு அடங்கும். லேபில் கழுவிய பழைய பிரிண்ட் என்றால் சுத்தமான குளிர்ந்த நீரில் ஊறவைத்துப் பிரிக்க முயலலாம், முக்கியமில்லாத ஒன்றில் சோதித்த பிறகு. இங்க்ஜெட்டில் எடுத்த படத்தைத் தண்ணீரில் போடவே கூடாது.

முத்தியால்பேட்டை: அண்ணன் பிரான்ஸிலிருந்து வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் போதுமா?

போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும், டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். 7 இன்ச்சுக்கு 2100 பிக்சல் நல்லது, 1400 வரை சமாளிக்கலாம். சின்ன பாஸ்போர்ட் படங்களை 600 டிபிஐக்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள்.

உழவர்கரை: புதுச்சேரியின் பழைய ஏ.எஃப்.டி. துணி மில் காலத்துக் கெட்டித் துணி இருக்கிறது. அதில் அச்சடிக்கலாமா?

பின்பக்கத்துக்கு வையுங்கள்.

கடலூர் முதுநகர்: தைக்கும்போது கவனிக்க வேண்டியது? நம் ஊர்ப் புழுக்கத்துக்கு எந்தப் பஞ்சு?

மெல்லிய பருத்திப் பஞ்சு ஷீட். கிடைக்காவிட்டால் ஃபிளானல் துணியே உள்ளே போதும். படத்தில் குண்டூசி குத்தாதீர்கள், ஓட்டை மறையாது. பட்டிகளில் மட்டும் குத்துங்கள். 11ஆம் நம்பர் புது ஊசி போடுங்கள். தையலைப் பட்டியின் ஓரத்தோடு ஓட்டினால் 6 இன்ச் இடைவெளி விழும். வாங்கும் பஞ்சு அதைத் தாங்குமா என்று உறையில் பாருங்கள். தாங்காதென்றால் படத்தின் பின்னணியில் ஒரு வரி ஓட்டலாம், முகத்தின் மேல் வேண்டாம். படத்தின் மேல் நேராக இஸ்திரி வேண்டாம்.

பாகூர்: பருத்தியில் சப்ளிமேஷன் போடலாமா?

திருப்பாதிரிப்புலியூருக்குச் சொன்னதேதான்.

அரியாங்குப்பம்: துவைப்பது, வைப்பது?

குளிர்ந்த நீர், மென்மையான லிக்விட், கையால் அமுக்கினால் போதும். பிளீச் கூடாது. நிழலில் தட்டையாக விரித்து உலர்த்துங்கள், கொடியில் தொங்கவிட்டால் ஈரப் பஞ்சின் எடை தையலை இழுக்கும். பிளாஸ்டிக் கவரில் கட்டி வைத்தால் ஐப்பசி, கார்த்திகை ஈரத்துக்குப் பூஞ்சை பிடிக்கும். பழைய பருத்தி வேட்டியில் சுற்றி, மாதம் ஒருமுறை மடிப்பை மாற்றி வையுங்கள்.