பெண்களுக்கான ரோபோ அறுவை சிகிச்சை கற்க டாக்டர்கள் ஏன் வெளிநாடு போகிறார்கள்?

கர்ப்பப்பைக் கட்டி, எண்டோமெட்ரியோசிஸ் (கர்ப்பப்பையின் உள்சவ்வு போன்ற திசு அதற்கு வெளியே வளர்வது) மாதிரி பிரச்சினைகளுக்கு வயிற்றில் சிறு துளைகள் போட்டு, கன்சோலில், அதாவது ரோபோவை இயக்கும் இருக்கையில், உட்கார்ந்திருக்கும் டாக்டர் கையை அசைக்க அசைக்க ரோபோ கைகள் உள்ளே வேலை செய்வதுதான் இது. அமெரிக்காவிலேயே டா வின்சி என்ற அறுவை சிகிச்சை ரோபோவுக்கு இந்தத் துறையில் 2005-ல்தான் அனுமதி கிடைத்தது. கற்றுக்கொடுக்கும் அளவுக்குக் கை தேர்ந்தவர்கள் எல்லா நாட்டிலும் இல்லை.

பெரும்பாலான ரோபோக்களில் தொடு உணர்வு கைக்கு வராது, தையல் நூலை எவ்வளவு இழுத்தால் அறுந்துவிடும் என்பதைக் கண்ணாலேயே கணிக்க வேண்டும், இதெல்லாம் படித்து வருகிற விஷயம் இல்லை. முதலில் சிமுலேட்டர் (நோயாளி இல்லாமல் கணினித் திரையில் பழகுவது), அப்புறம் இரட்டைக் கன்சோல்: டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அதே மாதிரி மூத்தவர் எந்த நொடியும் கட்டுப்பாட்டை வாங்கிக்கொள்ளலாம்.

ரோபோ தானாகவே அறுக்கும் என்று பலர் பயப்படுகிறார்கள்; டா வின்சியில் டாக்டர் கன்சோலிலிருந்து முகத்தை எடுத்தாலே கருவிகள் அப்படியே நின்றுவிடும்.